பொருள்: 'சமிக்ஞைக் கடத்தல்' வேண்டாம், வேறு சொல்?

மண்டபத்திலிருந்து:
வெளியிலிருந்து வரும் சேதி செல்லுக்குள் போகும் விதம் (signal transduction) பற்றிய பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வளர்ச்சிக் காரணி' (செல்லை வளரச் சொல்லும் புரதம்), 'ஏற்பி' (செல்லின் சவ்வில் அதை வாங்கும் புரதம்) இருக்கட்டும். 'சமிக்ஞைக் கடத்தல்' எழுதத்தான் கை வரவில்லை. நம் கரைப் பிள்ளைகளுக்குக் கடத்தல் என்றால் பீடி இலை மூட்டையும் இரவுப் படகும். அதைவிட, பொருளே தவறுகிறது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம். செல்லுக்கு வெளியே நின்றபடி ஏற்பியைப் பற்றுகிறது. ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன. சவ்வுக்கு உள்ளே நீளும் ஒன்றன் வாலில் மற்றது பாஸ்பேட் ஏற்றுகிறது. அங்கிருந்து ராஸ் என்ற சுவிட்சுப் புரதம், பிறகு வரிசையாகப் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் நொதிகள், முடிவில் உட்கரு. சேதி போய்ச் சேரக் காரணி உள்ளே நுழையவே தேவையில்லை. அப்புறம் எதைக் கடத்தினோம்?

கீழக்கரையிலிருந்து:
சரியாகப் பிடித்தீர்கள், தங்கச்சி. சங்கு குளிக்கிறவர் அடியில் கயிற்றைச் சுண்டினால் வள்ளத்தில் இருப்பவர் இழுக்கத் தொடங்குகிறார். முதலில் மேலே வருவது ஆளில்லை, சேதி. நான் 'ஏற்பி'யையும் மாற்றச் சொல்வேன். அது வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 'வாயில்' என்று வையுங்கள். இல்வாய் முன்பின்னாகி வாயில் ஆன இலக்கணப்போலி. தொல்காப்பியக் கற்பியலில் தோழி, பாணன், விறலி எல்லோரும் வாயில்கள். கதவும் அதுவே, தூதும் அதுவே!

தொண்டியிலிருந்து:
காக்கா, அழகுதான். ஆனால் கால்சியம் அயனி புகும் புரதத்தை என்ன சொல்வீர்கள்? அங்கே உண்மையிலேயே பொருள் உள்ளே போகிறது. பிள்ளை இரண்டையும் குழப்பும். பேசாமல் 'சிக்னல்' என்றே எழுதுங்கள். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றால் எங்கள் உம்மாகூடச் சிக்னல் விழவில்லை என்றுதான் சொல்வார்.

மண்டபத்திலிருந்து:
'குறிகைமாற்றம்' எப்படி? குறிகை + மாற்றம் என்று பிரித்தால், தொடுகை பாஸ்பேட்டாக மாறுவது கிடைக்கிறது. பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல்லும்கூட. குறி + கைமாற்றம் என்று பிரித்தால், ஒரு புரதம் அடுத்ததன் கையில் கொடுப்பது. கைமாற்றாக வாங்கிய காசைப்போல் பாஸ்பேட்டும் திரும்பியாக வேண்டும், பாஸ்படேஸ் என்ற நொதி கழற்றிவிடும். ராஸ் அணையாமல் நின்றுவிட்டால் செல் பெருகிக்கொண்டே போகும், புற்று வரை. பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லிலிருந்தே அதைச் சொல்லிவிடலாம்.

கீழக்கரையிலிருந்து:
ஏற்கிறேன். வாயிலை அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

தொண்டியிலிருந்து:
இருவர் ஒருபக்கம், அச்சிடுங்கள். கைமாத்து என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கடன்தான். என் வகுப்பில் சிக்னல் என்றுதான் சொல்லப்போகிறேன்.