அறிவியல் புனைவில் பெண்: தலை எண்ணினால் போதுமா?

துருவன்:
விண்கலத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணி ஒரு நாவலை முற்போக்கு என்று சொல்வது தவறு. கதையின் திசையை மாற்றும் முடிவுகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்தது யார் என்று பக்கத்தில் குறியுங்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலாதான் நாயகி. ஆனால் வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஜீனோ என்ற இயந்திர நாய்.

எழுத்தாணி:
குழந்தை பெறவே அரசு அனுமதி வேண்டிய நாடு அது. சாதாரணக் குடிமகளான நிலாவுக்கு விளக்கும் சாக்கில்தான் அந்த உலகம் நமக்கு விளங்குகிறது. அந்த இடத்தில் ஓர் ஆண் இருந்தாலும் கேள்விதான் கேட்டுக்கொண்டிருப்பான்.

துருவன்:
அந்த இடத்தில் ஓர் ஆண் பாத்திரத்தை வைப்பது அபூர்வம், அதுதான் என் குறை. அசிமோவின் 'லயர்!' (1941) கதையைப் பாருங்கள். ரோபோ உளவியலில் சூசன் கால்வினை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சக ஊழியர் அவரைக் காதலிப்பதாக மனமறியும் ரோபோ ஒன்று சொன்னதும், கதை அவரை ஒப்பனையோடு வரவைக்கிறது.

எழுத்தாணி:
முடிவையும் சொல்லுங்கள். பதில் சொன்னாலும் மனிதருக்கு வலி, சொல்லாவிட்டாலும் வலி என்ற முரணில் அந்த ரோபோவைச் சிக்கவைத்துச் செயலிழக்கச் செய்பவர் கால்வின். உங்கள் பட்டியல்படி அது அவருடைய முடிவு.

துருவன்:
சரி, பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும்: எதற்காக எடுத்த முடிவு? அங்கே துறையறிவு முழுவதும் காதல் காயத்துக்குப் பழிவாங்கவே செலவாகிறது.

பனிமலர்:
இருவரும் மொழியை விட்டுவிட்டீர்கள். லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) நாவலில் கெதன் கிரகத்தவர்க்கு ஆண், பெண் என்ற நிலையான பால் இல்லை. ஆனாலும் ஆங்கில மூலம் எல்லோரையும் 'அவன்' என்கிறது. வாசிப்பவர் மனத்தில் ஆண்களே நடமாடுகிறார்கள். 1976-இல் அதை நியாயப்படுத்திய லெ குவின், 1987-இல் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' (2013) நாவல் எல்லோரையும் 'அவள்' என்கிறது.

தமிழாக்கத்தில் இது இன்னும் கடினம், வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். 'அவர் வந்தார்' பாலை மறைக்கும். ஆனால் காவலாளிக்கும் தளபதிக்கும் ஒரே மரியாதை, படிநிலை அழிந்துவிடும். 'அது' என்றால் அஃறிணை. 'நான்' என்ற தன்மை தப்பிக்கும்: 'வந்தேன்' பால் காட்டாது. படர்க்கையில் எச்சங்களை நம்பலாம்: 'கதவைத் திறந்து உள்ளே வந்தபோது குரல் நடுங்கியது.'

எழுத்தாணி:
நாலு பக்கத்துக்குச் சரி. நாவல் முழுக்க அப்படி எழுதினால் வாசகருக்கு மூச்சு முட்டும். துணிந்து 'அவள்' என்றே போடலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் '-ஆள்' ஒலிக்கும்போது மூலத்தைவிட அழுத்தமாகவே விழும்.

பனிமலர்:
லெக்கிக்குப் பொருந்தும். லெ குவினுக்கு ஒத்துவராது. 'அரசன் கர்ப்பமாக இருந்தான்' என்ற செய்தியின் வலிமையே அந்த '-ஆன்' விகுதியில்தான் இருக்கிறது. அங்கே 'அரசி' என்று எழுதினால் வாசகர் நிற்காமல் கடந்துபோவார்.