பொருள்: சேர்ந்து பயிலும் மருத்துவ, செவிலிய மாணவர்களை வார்டில் வழிநடத்துபவருக்கு என்ன சொல்?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவம், செவிலியம், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் ஒரே வார்டில் சேர்ந்து பயிலும்போது அவர்களுக்குப் பொறுப்பாக இருப்பவருக்கான பிரிட்டன் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷன் (வெவ்வேறு தொழில் மாணவர்கள் சேர்ந்து கற்பது), பிளேஸ்மென்ட் (அவர்கள் வார்டில் பயிலும் காலம்), சூப்பர்வைசர் ஆகிய மூன்று சொற்களும் இழுபறியில் நிற்கின்றன. இப்போதைக்குப் "பணியிடைக் கல்வி", "பணியமர்வு", "மேற்பார்வையாளர்" என்று போட்டிருக்கிறேன். திருத்துங்கள்.

மடல் 2: செவிலியர் கல்லூரி ஆசிரியை

ஐயா, வணக்கம். மூன்றையும் மாற்றத்தான் வேண்டும். "பணியிடைப் பயிற்சி" என்றால் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குத் தரும் பயிற்சி. அரசு ஆணைகளில் வேரூன்றிவிட்ட சொல். "பணியமர்வு" என்றதும் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் மாணவர் நினைப்பார். வார்டில் நாங்கள் சொல்வது "கிளினிக்கல் போஸ்டிங்". எழுத்தில் "வார்டுப் பயிற்சி" போதும். மருத்துவமனைக்கு வெளியே, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வீடுகளிலோ நடப்பதற்குக் "களப்பயிற்சி" என்ற வழக்கு இருக்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள்.

மேற்பார்வையாளர் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. துப்புரவுப் பணியை மேற்பார்ப்பவர், செவிலியக் கண்காணிப்பாளர் என்று அதிகாரம் செலுத்தும் பதவிகள் மருத்துவமனையில் நிறைய. இவர் செய்யும் வேலை வேறு. எது என்று பார்த்துவிட்டுச் சொல் தேடலாம்.

பக்கவாதம் வந்த ஒரு நோயாளி வீட்டுக்குப் போகத் தயாராகிறார் என்று கொள்ளுங்கள். அவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஐந்து பேர் கட்டிலைச் சூழ்ந்தால் யாரும் மிரள்வார்கள். குழு நான்கு முதல் ஆறு பேர். ஒரே படிப்பினர் பாதிக்கு மேல் போகக்கூடாது. முதல் பத்து நிமிடம், தன் படிப்பு தனக்கு எதைச் செய்ய அனுமதிக்கிறது, எதை இன்னும் அனுமதிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இதைத் தவிர்த்தால் பிறகு ஊசி போடுவது யார், நோயாளியை எழுப்பி நிறுத்துவது யார் என்பதில் ஆபத்து வரும். அடுத்த அரை மணி நேரம் இருவர் இருவராக நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிறகு ஒரே திட்டம், ஒரே தாளில்.

அங்கேதான் கற்றல் நடக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது அவர் இருமுகிறார் என்பதைச் செவிலிய மாணவி கண்டிருப்பாள். விழுங்கச் சிரமம் என்றால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்பார் மருத்துவ மாணவர். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும் என்று பார்மசி மாணவர் தடுப்பார். உட்காரும்போது அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை பிசியோ மாணவர் சொன்ன பிறகுதான் ஊட்டும் நிலை முடிவாகும்.

இதில் பொறுப்பாளருக்குள்ள பெரிய வேலை, பேசாமல் இருப்பது. விடையை அவர் சொல்லிவிட்டால் எல்லோரும் அவரைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்குவார்கள். இரண்டாவது தவறு, தன் படிப்பு மாணவரிடமே அதிகம் கேட்பது. மூன்றாவது, மருத்துவ மாணவர் தானாகவே தலைவர் ஆவதை அனுமதிப்பது. அவரைக் கடைசியில் பேச வைத்தாலே பாதி சரியாகிவிடும். முடிந்ததும் இருபது நிமிடம் கலந்துரையாடல்: யார் சொன்னதால் திட்டம் மாறியது என்று கேட்க வேண்டும். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டினால் மிச்சம் வெறும் வார்டு வேலை.

பேச்சு முறையைப் பகிர்ந்து கொடுப்பவருக்கு விவாத மேடையில் "நெறியாளர்" என்று பெயர். என் பரிந்துரை: உடன்பயில்வு, வார்டுப் பயிற்சி, நெறியாளர்.

மடல் 3: இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), யாழ்ப்பாணம்

அன்பின் குழுவினருக்கு,

நெறியாளர் நன்று. ஆய்வு மாணவருக்கும் நெறியாளர் உண்டு என்பதால் "பயில்வு நெறியாளர்" என்று முழுதாக எழுதினால் குழப்பம் இராது. எங்களிடம் வார்டு "விடுதி", செவிலியர் "தாதியர்". கையேடு இங்கேயும் வாசிக்கப்படும் என்றால் "விடுதிப் பயிற்சி" என்பதையும் பக்கத்தில் தாருங்கள்.

"உடன்பயில்வு" மட்டும் போதாது, அம்மா. இரண்டு தாதிய மாணவிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதும் உடன்பயில்வுதான். இத்தகைய கல்வியை வளர்க்கும் பிரிட்டனின் கைப் (CAIPE) அமைப்பு தரும் வரையறை, இரண்டு அல்லது மேற்பட்ட தொழிலினர் ஒருவரோடு, ஒருவரிடமிருந்து, ஒருவரைப் பற்றிக் கற்பது என்கிறது. நோக்கம் ஒத்துழைப்பும் பராமரிப்பின் தரமும். பல தொழிலினர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உடற்கூற்றியல் விரிவுரை கேட்பதை அது வேறாகப் பிரிக்கிறது. அந்த விரிவுரை வகைக்குப் "பல்தொழில்" என்ற அடையை வைத்துக்கொண்டு, நம்முடையதற்குத் "தொழிலிடை" என்று வைப்போம். "துறையிடை" வேண்டாம்: இதயத் துறையும் எலும்புத் துறையும் கூடினாலும் அது துறையிடைதான், இருவரும் மருத்துவர்களே.

சுவீடனின் லின்ஷோப்பிங்கில் 1996இல் தொடங்கிய மாணவர் பயிற்சி விடுதி இதற்கு நல்ல அளவுகோல். அங்கே வெவ்வேறு தொழில் மாணவர்கள் நெறியாளரின் கண்முன் விடுதியின் அன்றாடப் பராமரிப்பையே சேர்ந்து நடத்தினார்கள்.

மடல் 4: மொழிபெயர்ப்பாளர்

இருவருக்கும் நன்றி. "தொழிலிடைக் கல்வி" என்றால் தொழிற்கல்வி என்று படித்துவிடுவார்களோ என்று தயங்கினேன். கல்வி என்பதை நீக்கி உடன்பயில்வு வந்ததும் அந்தத் தயக்கம் போயிற்று.

ஒன்று மீதம். பிரிட்டன் செவிலியர் மன்றம் 2018இல், ஒருவரே வழிநடத்தி மதிப்பிடும் பழைய "மென்ட்டர்" முறையை எடுத்துவிட்டு, வழிநடத்துபவரையும் மதிப்பிடுபவரையும் பிரித்தது. வழிநடத்துபவர் வேறு தொழிலில் பதிவு பெற்றவராகவும் இருக்கலாம். ஒரே மாணவருக்கு ஒரே காலத்தில் ஒருவரே இரண்டுமாக இருக்க முடியாது.

மடல் 5: செவிலியர் கல்லூரி ஆசிரியை

அப்படியானால் மற்றவர் "மதிப்பீட்டாளர்". வேறு சொல் தேட வேண்டாம். ஆனால் கையேட்டில் எல்லையைத் தெளிவாக எழுதுங்கள். பிசியோதெரபிஸ்ட் நெறியாளராக இருந்தால், செவிலிய மாணவியின் பேச்சு, செவிமடுத்தல், உதவி கேட்ட விதம் பற்றி எழுத்தில் கருத்துத் தரலாம். ஊசி போடும் திறனுக்கு அவர் கையொப்பமிடக் கூடாது. அவள் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் தொலைபேசி எண் அன்று வார்டில் இருந்தாக வேண்டும். சொற்பட்டியலுக்கு மாதிரி வாக்கியம் ஒன்று:

"தொழிலிடை உடன்பயில்வு நடக்கும் நாளில், பயில்வு நெறியாளர் காலைப் பணி மாற்றத்துக்கு முன்பே நோயாளியின் ஒப்புதலையும் நான்கு படிப்பினருக்கும் பொதுவான ஒரு மணி நேரத்தையும் உறுதி செய்ய வேண்டும்."

அந்தப் பொதுவான ஒரு மணி நேரம்தான் கிடைக்காது. மருத்துவ மாணவர் வகுப்பு முடிந்து வரும்போது செவிலிய மாணவியின் ஷிப்ட் முடியும் தறுவாயில் இருக்கும். கால அட்டவணையைப் போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே நான்கு கல்லூரிகளும் உட்கார்ந்து போட வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே சேர்த்துவிடுங்கள், ஐயா.