புதுப்பிப்பு: ஆடிட் இன்டர்ன்ஷிப்பும் 2பி ஒப்பீடும்

பெங்களூரு ஆடிட் நிறுவனங்களில் கோடைகால இன்டர்ன்ஷிப் பற்றிய முந்தைய இழையில், ஜிஎஸ்டிஆர்-2பியை (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல்) கொள்முதல் பதிவேட்டோடு எப்படி ஒப்பிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

தரவை ஒட்டும் முன்பே இன்வாய்ஸ் எண் பத்தியை டெக்ஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸெல் 04-25ஐத் தேதியாக்கிவிடும். 0071 வெறும் 71 ஆகிவிடும். பிறகு ஜிஎஸ்டிஐஎன் (சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்), இன்வாய்ஸ் எண் இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். தொகையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், வாடகை பில் எல்லா மாதமும் ஒரே தொகைதான்.

பொருந்தாத பில்லா? மாதத் தாக்கல் செய்யும் சப்ளையர் 11ஆம் தேதியைத் தாண்டி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) போட்டிருந்தால், 14ஆம் தேதி வரும் 2பியில் அது இருக்காது. அடுத்த மாத 2பியில் தேடுங்கள்.

சென்னை ஓட்டல் பில்லில் ரொம்பக் கவனம். ஜிஎஸ்டிஐஎன் 33இல் தொடங்கும், வரி தமிழ்நாட்டுடையது. 2பியில் தெரிந்தாலும் கர்நாடகப் பதிவுக்கு, அதாவது 29இல் தொடங்கும் எண்ணுக்கு, கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது.