தூத்துக்குடியில ஒரு செப்புக்காசு – அங்க போனவங்க, அந்த ஊர்க்காரங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நொய்யல் நடையன்:

மாமா பையன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தேனுங்க. மே மாசம். காலைல ஏழு மணிக்கே வெயில் மண்டையப் பொளக்குது. கடலோரம்தானே, காத்து வரும்னு நெனச்சேன். வந்துச்சு, அதுவும் சூடாத்தான் வந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு ஒண்ணரை நாள் கையில இருந்துது. மக்ரூன் வாங்கறது, பனிமய மாதா கோயில் பாக்கறது, சாயங்காலம் கடற்கரை. திட்டம் அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரனுக்கு வ.உ.சி. பேரு புதுசில்லைங்க. எங்க ஊர்ல மைதானம் அவர் பேர்ல, பூங்கா அவர் பேர்ல, அவர் செக்கிழுத்த ஜெயிலும் எங்க ஊர்லதான். ஆனா உண்மையச் சொன்னா, அந்தப் பேரக் கேட்டா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது சின்ன வயசுல பூங்காவுல தின்ன வேர்க்கடலைதான். தூத்துக்குடியில எறங்கினா அங்கயும் திரும்பின பக்கமெல்லாம் வி.ஓ.சி. துறைமுகம், காலேஜ், ரோடு. ஒரு கட்டத்துல கண்ணு அந்த எழுத்தப் படிக்கறதையே விட்டுருச்சு.

மாதா கோயில் பாத்துட்டு வெளிய வந்து கிரேட் காட்டன் ரோடு பக்கமா நடந்தேன். நிழலே இல்ல. கண்ணு கட்டற மாதிரி வந்துச்சு. சந்துல ஒரு சின்னக் கடை. பழைய கடிகாரம், தபால்தலை, காசு எல்லாம் கண்ணாடிப் பொட்டில. நெழலுக்காகத்தான் உள்ள ஏறினேன், வாங்கற எண்ணமே இல்ல. பனியன் போட்ட பெரியவர் ஒருத்தர். என் மூஞ்சியப் பாத்ததும் எதுவும் கேக்காம சொம்புல தண்ணி குடுத்தார். குடிச்சு முடிச்சதும் பொட்டியத் தெறந்து ஒரு காச எடுத்து என் உள்ளங்கையில வெச்சார்.

இப்ப இருக்கற ஒரு ரூபா அளவு. செம்பு, கறுத்துப் போயிருக்கு. நடுவுல பெருசா ஒரு V. அதோட இடது கால்ல O, வலது கால்ல C கோத்த மாதிரி.

"வ.உ.சி. நினைவுக் காசுங்களா?"ன்னு கேட்டேன்.

பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கல. "தம்பி, கீழ வருசத்தப் பாரும்"னார். வெரலால தேச்சுப் பாத்தேன். 1790. "நம்மாளு பொறந்ததே 1872-ல, ஒட்டப்பிடாரத்துல. அவரு பொறக்க எம்பது வருசம் முன்னாடியே அவருக்கு எவன் காசு அடிப்பான்?"

அது டச்சுக் கம்பெனி காசுங்க. 'வெரேனிக்டே ஓஸ்டிண்டிஷே கொம்பனி'ங்கறதோட மூணு மொத எழுத்து. 1602-ல ஆரம்பிச்ச கம்பெனி. முத்துக்காக இங்க வந்து ஒக்காந்திருந்த போர்த்துகீசியர்கிட்ட இருந்து 1658-ல தூத்துக்குடியப் புடிச்சது. அதே ரோட்டுல அவங்க 1750-ல கட்டின தேவாலயம் இன்னும் இருக்கு. அரைமணி முன்னாடி அதத் தாண்டித்தான் வந்திருக்கேன், திரும்பிக்கூடப் பாக்கல.

எழுத்து ஒண்ணா இருக்கறது தற்செயல்தான், அதுல மர்மம் ஒண்ணும் இல்லைன்னு அவரே சொன்னார். ஆனா அதுக்கப்புறம் சொன்னதுதான் மனசுல நிக்குது. டச்சுக் கம்பெனி ஊர்சனத்துக்கிட்ட பங்கு வித்துப் பணம் சேத்துத்தான் கப்பல் விட்டது. நம்ம வ.உ.சி.யும் அதத்தான் பண்ணினார். 1906 அக்டோபர்ல சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாச்சு. மூலதனம் 10 லட்சம். 40,000 பங்கு, ஒண்ணு 25 ரூபா. இவர் பங்குக்காக அலையாத எடமில்லையாம். அடுத்த வருசம் 'காலியா', 'லாவோ'ன்னு பேரு வெச்ச ரெண்டு கப்பல். ஒவ்வொண்ணுலயும் 1,300 சாதா டிக்கெட் ஆளும் 4,000 மூட்டையும் ஏத்தலாம். கொழும்புக்கு ஓடுச்சு. எதிர்ல பிரிட்டிஷ் இந்தியாங்கற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி. அவன் கட்டணத்தக் கொறைச்சான், இவர் இன்னும் கொறைச்சார். கடைசில அவன் டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறு, கூட ஒரு குடையும் தர்றேன்னானாம்.

குடை! இந்த வெயிலுக்கு நானே ஏறியிருப்பேனோ என்னமோ.

பள்ளிக்கூடத்துல எனக்குச் செக்குப் படம் மட்டும்தான் காட்டினாங்க. பங்கு, டிக்கெட், மூட்டைக் கணக்கு எதுவும் யாரும் சொல்லல. வக்கீல் படிச்ச ஒரு மனுசன் கணக்குப் போட்டுத் தொழில் நடத்தினத விட்டுட்டு, அவர் பட்ட தண்டனைய மட்டும் நாம புடிச்சுக்கிட்டோம்னு தோணுச்சு. அவர் உள்ள இருக்கும்போதே, 1911-ல, கம்பெனியக் கலைச்சுட்டாங்க. இந்த ஊர்க்காரங்க இன்னும் சொல்லுங்க, கேக்கறேன்.

தோணிக்காரர் பேரன்:

அண்ணாச்சி, ஒரு திருத்தம். நீங்க எழுதினதப் படிச்சா அந்த 'காலியா'ங்கற கப்பல் கரையில வந்து ஒட்டி நிக்க, சனம் ஏணி வழியா ஏறின மாதிரி இருக்கு. பழைய தூத்துக்குடியில அது நடக்காது. கடல் ஆழம் கம்மி. பெரிய கப்பலெல்லாம் பல மைல் வெளியே நங்கூரம் போட்டுரும். ஆளும் மூட்டையும் படகுலதான் போவணும். பெரிய கப்பல் ஒட்டி நிக்கிற துறைமுகம் வந்ததெல்லாம் பின்னாடி, பெருந்துறைமுகம்னு அறிவிச்சதே 1974-லதான். அதனால கப்பல் கம்பெனி நடத்தணும்னா கப்பல் மட்டும் பத்தாது, படகும் வேணும், படகுக்காரனும் கூட நிக்கணும். அத யாரும் எழுத மாட்டாவ.

எங்க தாத்தா தோணியில போனவரு. இப்பவும் பழைய துறைமுகத்துக்குப் போனா மரத்தோணி நிக்கும். மாலத்தீவுக்குக் காய்கறி, அரிசி, கட்டட சாமான் ஏத்துவாவ. சின்ன வயசுல தாத்தா வேட்டிய முகர்ந்து பாத்தாலே எந்தச் சரக்குக்குப் போயிட்டு வந்தாருன்னு தெரியும். வெங்காயம்னா ரெண்டு நாளைக்கு வீட்டுக்குள்ள நிக்க முடியாது.

இன்னொண்ணு. ரயிலும் இந்தக் கப்பலுக்குத்தான் ஓடுச்சு. சென்னையில ஏறினவன் தூத்துக்குடியில எறங்கி கொழும்புக்குக் கப்பல் புடிப்பான். 1914-ல பாம்பன் பாலம் தெறந்து எல்லாம் தனுஷ்கோடி பக்கம் போயிருச்சு. எங்க ஊரு கொஞ்சம் அசந்துபோச்சுன்னு தாத்தா சொல்லுவாரு. ஏதோ அவரே நின்னு பாத்த மாதிரி சொல்லுவாரு. பொறக்கவே இல்ல அப்ப.

கோரல் மில் தெரு:

செக்குக்கு முன்னாடி மில்லு இருக்கு சார், அத விட்டுட்டீங்களே. 1908 பிப்ரவரி 27, கோரல் நூல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும்தான் தொழிலாளர் பக்கம் நின்னது. ஒன்பது நாள்ல நிர்வாகம் எறங்கி வந்துச்சு, கூலி கூடுச்சு. மார்ச் 12-ல அவரக் கைது பண்ணிட்டான், மறுநாள் திருநெல்வேலியே பத்தி எரிஞ்சுது.

எங்க தெருவுல இப்பவும் சொல்ற கதை ஒண்ணு: வக்கீல் ஒருத்தர் சவரம் பண்ணிக்கிட்டே வேலைநிறுத்தத்த எளக்காரமாப் பேசினாராம். சவரம் பண்ணினவர் கத்திய மடிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாராம். பாதி முகத்தோட ஊரெல்லாம் சுத்தியும் வேற யாரும் மீதியச் செய்யலையாம். நெசமா இல்லையான்னு கேக்காதீங்க, எனக்கு இந்தக் கதை வேணும்.

அளத்து மகள்:

வெயில் வெயில்னு சொல்றீங்க. எங்களுக்கு அந்த வெயில்தான் சோறு.

அம்மா உப்பளத்துல வேலை பாத்தா. பள்ளிக்கூடம் லீவுல நானும் போவேன். விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பணும், ஏன்னா சூரியன் ஏறிட்டா உப்பு கண்ணக் கூசும், கீழயும் வெயில், மேலயும் வெயில். தண்ணிய ஒரு பாத்தியில இருந்து இன்னொரு பாத்திக்கு மாத்தி மாத்திக் காய விடுவாங்க. ஒரு கண்ணாடிக்குழாய மிதக்க விட்டு, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு டிகிரி பாப்பாங்க. இருவத்தி நாலு, இருவத்தஞ்சு டிகிரிக்கு வந்தா உப்பு எறங்கும். மொதல்ல தண்ணி மேல மெல்லிசா ஏடு மாதிரி கட்டும், காத்துல ஒரு ஓரமா ஒதுங்கும், அப்புறம் அடியில போய்ப் படியும். நீளக் கம்பு வெச்ச பலகையால இழுத்து வரப்புல குவிச்சா அது அம்பாரம். ஒரு மழை பெஞ்சா அவ்வளவும் தண்ணிதான். எல்லாரும் மழைக்குக் கும்பிடுற ஊர்நாட்டுல நாங்க மழை வேண்டாம்னு கும்பிட்ட ஆளுங்க.

அம்மா கால் பாதத்துல வெடிப்பு ஒவ்வொண்ணும் ஒரு வெரல் நுழையுற அளவுக்கு இருக்கும். சுற்றுலா வர்றவங்க அம்பாரத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்க. எடுத்துக்கோங்க, நல்லாத்தான் இருக்கும். அங்க குனிஞ்சு நிக்கிற பொம்பளைகிட்ட கேட்டுட்டு எடுங்க.

ஊரோட பழைய கதைன்னா எல்லாரும் முத்துல ஆரம்பிச்சுக் கப்பல்ல முடிக்குறீங்க. உப்ப யாரும் தொடவே இல்ல. அதான் எழுதினேன்.

கொற்கை தேடினவன்:

என் அனுபவம் கொஞ்சம் ஏமாற்றமான அனுபவம். முத்து என்றால் கொற்கை, பாண்டியர் துறைமுகம் என்று படித்துவிட்டு, கடல் அலை அடிக்கும் ஒரு பழந்துறையைக் கற்பனை செய்துகொண்டு போனேன். பேருந்திலிருந்து இறங்கினால் வயல், குளம், வாழை. கடலே இல்லை. "கடல் எங்கே?" என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் கிழக்கே கையைக் காட்டி, "அது போயிட்டு" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகுதான் புரிந்தது, அதுதான் சரியான பதில். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை வளர்க்க வளர்க்கக் கடல் தள்ளிப்போனது. கொற்கை உள்ளூராகிவிட, துறை பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் அந்தப் பக்கம்தான். அதுவும் மண் மூடியபின் தூத்துக்குடி. ஆற்றின் வேலையால் ஒரு துறைமுகம் மூன்று ஊர் மாறியிருக்கிறது.

முத்துக் குளிக்கும் சலாபத்தைப் பற்றி மார்க்கோ போலோ சொன்னதில் எனக்குப் பிடித்தது சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்கள். இங்கே கடல்கட்டி என்பார்கள். குளிப்பவர்கள் தண்ணீரில் இருக்கும்வரை மந்திரம் சொல்ல வேண்டும். சம்பளம், எடுத்த முத்தில் இருபதில் ஒன்று. ராஜாவுக்குப் பத்தில் ஒன்று. அரசாங்கத்துக்குக் கொடுப்பதில் பாதியைச் சுறாவுக்கும் கொடுத்தாக வேண்டியிருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முத்து நகர் என்ற பெயரில் சென்னைக்கு ரயில் மட்டும் ஓடுகிறது.

தோணிக்காரர் பேரன்:

கொற்கைக்காரரே, அந்த டீக்கடைக்காரரு எங்க மாமாவா இருக்கும். அவரு எதுக்கும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு.

கேள்வி மட்டும் கேட்பவள்:

நடையன் அண்ணா, அந்தக் காசை வாங்கினீங்களா? எவ்வளவு?

நொய்யல் நடையன்:

கேட்டேம்மா. வெல கேட்டதும் பெரியவர் காச வாங்கித் துடைச்சுப் பொட்டில வெச்சுட்டார். "இது விக்கிறதுக்கு இல்ல தம்பி. உம்மள மாதிரி ஆளு மாசத்துக்கு ரெண்டு பேரு வாராவ. எல்லாரும் அதே கேள்விதான் கேக்காவ, வ.உ.சி. காசான்னு. எனக்கும் பொழுது போவணும்லா" அப்படின்னுட்டார். பதிலுக்கு ஒரு பழைய ஓட்டைக் காலணாவ அம்பது ரூபாய்க்கு என் தலைல கட்டிட்டார், அது வேற கதை.

பேரன் சொன்ன படகு விசயம் எனக்குத் தெரியவே தெரியாதுங்க. மறுநாள் சாயங்காலம் கடற்கரையில நின்னு கப்பல் இங்கதான் வந்து நின்னிருக்கும்னு பொண்டாட்டிகிட்ட கையக் காட்டி வெளக்கமெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போய் திருத்தணும்.

அளத்து மகள் எழுதினதப் படிச்சுட்டு போனத் தெறந்து பாத்தேன். அம்பாரத்துக்கு முன்னாடி நான் நிக்கற படம் இருக்கு. பின்னாடி தூரத்துல தலைல துண்டு கட்டின மூணு பேர் குனிஞ்சு இருக்காங்க. எடுக்கும்போது அவங்க என் கண்ணுக்குப் படவே இல்லைங்க.