ராக்கி மலை மஞ்சள் பூ: இது ஆர்னிகாவா, சூரியகாந்தியா?

டென்வர் தாமரை:
வணக்கம். ஜூலை நடுவில் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் போயிருந்தோம். அங்கிருந்து கோத்திக் போகும் மண் பாதையில், ஆஸ்பென் மரங்களை ஒட்டிய புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. செடி இடுப்பு உயரம், சில இடங்களில் அதற்கும் மேலே. இலை என் கையைவிட நீளம். பூ மேலே பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது.

செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு ஆர்னிகா என்கிறது, அடுத்ததற்குச் சூரியகாந்தி என்கிறது, மூன்றாவதற்கு மியூல்ஸ் இயர்ஸ் என்கிறது. மூன்றுமே ஒரே செடியில் எடுத்தவை!

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர். பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில எறும்பு ஊறுது, அசுவினி இருக்கும்மா" என்றார். தேடினோம், செடியின் சாறு உறிஞ்சும் அந்த அசுவினிப் பூச்சி ஒன்றுகூட இல்லை. எறும்பு மட்டும் போகவே இல்லை. பெயர் தெரியாமல் அவர் விடமாட்டார். யாராவது சொல்லுங்களேன்.

நான்காவது படம் வேறு செடி. இண்டிபெண்டன்ஸ் கணவாய் உச்சியில் எடுத்தது. சாண் உயரம்கூட இல்லை, ஆனால் பூ பெரிது.

பசும்புல்:
மலையில் மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஆர்னிகாதான். தைலத்தில்கூடப் போடுவார்களே.

மலைநடை:
இது ஆர்னிகா இல்லை நண்பரே. இங்கே அதிகம் பார்க்கிற ஆர்னிகாவுக்கு இதய வடிவ இலை, எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஊசியிலை மரத்து நிழலில், முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். தாமரை சொல்வது வெயில் விழும் புல்வெளி, இடுப்பு உயரம்.

தாமரை, உங்கள் மூன்றாவது படம்தான் கைகொடுத்தது. மற்ற இரண்டும் பூவின் முகம். இந்தச் சூரியகாந்திக் குடும்பத்தில் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே சாயல். நாம் ஒரு பூ என்று நினைப்பதே ஒரு கூட்டம்: நடுவில் நெருக்கமாகக் குட்டிப் பூக்கள், ஓரத்தில் இதழ் போலத் தெரிகிற ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. ஆளை அடையாளம் காட்டுவது இலையும் பூவின் முதுகும்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இலையின் நெடுகிலும் எடுப்பாக ஐந்து நரம்புகள் தெரிகிறதா? இது ஹீலியாந்தெல்லா குவின்குவெநெர்விஸ். இங்கே ஆஸ்பென் சன்ஃப்ளவர் என்பார்கள். மியூல்ஸ் இயர்ஸ் என்றால் நடுவில் ஒரே தடித்த நரம்புதான், பெரிய இலைகள் தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பும்.

பூக்கள் சாய்ந்திருந்த பக்கம் அநேகமாகக் கிழக்கு. இந்தச் செடி சூரியனோடு சுற்றாது, பெரும்பாலும் கிழக்கு பார்த்தே நிற்கும்.

அப்புறம் அந்த எறும்பு. அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவர் பார்த்ததுதான் பலமான சாட்சி. பூத்தலைக்கு அடியில் பச்சைச் செதில்கள் அடுக்காக இருக்கும் இல்லையா, அவையே தேன் சுரக்கின்றன. எறும்பு வருவது அதற்காக. வந்த இடத்தில், பூவில் முட்டையிட வரும் ஈக்களையும் விரட்டுகிறது. விட்டால் அந்த ஈயின் புழு விதையைத் தின்று தீர்த்துவிடும். கோத்திக்கில் 1928-லிருந்து இயங்கும் ராக்கி மலை உயிரியல் ஆய்வகத்தில் இதை உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு விவசாயி அதே பாதையில் நின்று பூவைத் திருப்பியதும் எறும்பைக் கவனித்தார் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஜூலையில் அவ்வளவு பூ பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம். பனி சீக்கிரம் உருகிவிட்டால் மொட்டும் சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் ஜூனில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், மொட்டெல்லாம் கருகிப்போகும். செடி சாகாது, ஆனால் அந்த வருஷம் பூவும் இல்லை, விதையும் இல்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் அந்தப் பாதையில் நடக்கவே மனசு வராது.

டென்வர் தாமரை:
ரொம்ப நன்றி! அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப எறும்புக்கு அது கூலி" என்றார். ஐந்து நரம்பும் தெளிவாகத் தெரிகிறது. அந்த நான்காவது படம்?

மலைநடை:
அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்!

நான்காவது ஹைமெனாக்ஸிஸ் கிராண்டிஃப்ளோரா. ஓல்ட் மேன் ஆஃப் த மவுண்டன் என்று கூப்பிடுவார்கள். இண்டிபெண்டன்ஸ் கணவாய் 3,687 மீட்டர், அங்கே மரமே வளராது. தண்டிலும் செதிலிலும் பஞ்சு மாதிரி வெள்ளை முடி, இலை நூலாகப் பிரிந்திருக்கும். உங்கள் படத்தில் இரண்டுமே இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். இதுவும் கிழக்கு பார்க்கிற ஆள்தான்.

ஆனால் ஒரு வேண்டுகோள். ஹீலியாந்தெல்லா வருஷா வருஷம் திரும்பப் பூக்கும். இது பல வருஷம் இலையாகவே இருந்து சத்தைச் சேர்த்து வைத்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதை விட்டதும் செத்துவிடும். பூக்காத செடி அங்கே தரையோடு தரையாகக் கிடக்கும், புல் என்று நினைத்து மிதித்துவிடுவோம். அதனால் கணவாய்க்கு மறுபடி போனால், படம் எடுக்கவும் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஓரத்திலேயே நிறைய இருக்கும்.

பசும்புல்:
அப்போ இதய இலையைப் பார்த்தால்தான் ஆர்னிகா. சரி, அடுத்த வாரம் போகிறேன், முதுகையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.