புது சர்வரில் ரீஸ்டோர் செய்தபின் தமிழ்த் தலைப்புகள் சிதைந்து தெரிகின்றன. உதவி தேவை

நூலகத்தம்பி:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் நூல் பட்டியலைப் புது சர்வருக்கு மாற்றுகிறேன். பழையதில் மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள மென்பொருள்) 5.5, புதியதில் 8.0. வழக்கம்போல மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக (டம்ப்) பேக்கப் எடுத்து ஏற்றினேன். ஒரு எரர்கூட வரவில்லை. இரண்டு பக்கமும் 11,240 நூல்கள் இருக்கின்றன. ஆனால் தளத்தைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர் என்று வரிவரியாக ஓடுகிறது. பழைய தளத்தில் இப்போதும் சரியாகத்தான் தெரிகிறது. இரண்டு ஆசிரியர்கள் ஆறு வருடம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல் இது. சனிக்கிழமை பழைய சர்வரை ஒப்படைக்க வேண்டும்.

கணினிக்காரன்:
டேபிளை ஆல்டர் கட்டளை போட்டு யூடிஎஃப்8எம்பி4க்கு (எல்லா மொழி எழுத்துகளையும் கொள்ளும் குறியீட்டு முறை) கன்வர்ட் செய்துவிடுங்கள். எனக்கு அது சரியாக வந்தது.

பழையகை:
தம்பி, அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். உங்கள் டேபிள் லத்தீன்1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட் வைக்கும் பழைய ஐரோப்பியக் குறியீட்டு முறை) என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஆல்டர் அந்தக் குப்பை எழுத்துகளையே உண்மையான எழுத்துகளாக எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

முதலில் ஒன்று பாருங்கள். பட்டியலில் 'திருக்குறள்' என்ற தலைப்பு நிச்சயம் இருக்கும். அந்த வரிக்கு கேரக்டர் லெங்த் (எழுத்து எண்ணிக்கை) கேளுங்கள். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணினால் 11 வரவேண்டும். 33 வந்தால் சங்கதி தெளிவு: யூடிஎஃப்8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட்.

நூலகத்தம்பி:
33 வருகிறது அண்ணா. டேபிளும் லத்தீன்1தான்.

பழையகை:
அப்போது தகவல் கெடவில்லை, தைரியமாக இருங்கள். பழைய தளம் தமிழ் பைட்டுகளை லத்தீன்1 என்று சொல்லியே உள்ளே போட்டது, அப்படியே வெளியே எடுத்தது. ப்ரௌசர் அதை யூடிஎஃப்8 என்று படித்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புது சர்வரின் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4. அது ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக நினைத்து மாற்றி அனுப்புகிறது.

பழைய சர்வரிலிருந்தே புதிதாக டம்ப் எடுங்கள். டிஃபால்ட் கேரக்டர் செட் லத்தீன்1 என்று கொடுங்கள், கூடவே ஸ்கிப்-செட்-சார்செட் என்ற ஆப்ஷனையும் சேருங்கள். பைட்டுகள் தொடாமல் வெளியே வரும். கோப்பை எடிட்டரில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியவேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் கிரியேட் டேபிள் வரிகளில் மட்டும் லத்தீன்1ஐ யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். வெறும் யூடிஎஃப்8 போடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் அது 3 பைட்டோடு நின்றுவிடும், இமோஜி வந்தால் சிக்கல். ஏற்றும்போதும் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி, ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றுங்கள். பிஎச்பி இணைப்பிலும் அதையே வையுங்கள்.

இன்னொன்று. ரொட்டீன்களும் (டேட்டாபேஸில் சேமித்த நிரல்கள்) ஈவென்ட்களும் (குறித்த நேரத்தில் ஓடும் வேலைகள்) டம்ப்பில் தாமாக வராது, தனியாகக் கேட்க வேண்டும். ட்ரிகர் (தரவு மாறும்போது தானே ஓடும் நிரல்) மட்டும் வரும். கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இடையில் அறுந்துபோன பேக்கப்பை நான் ஒருமுறை முழுசென்று நம்பி இரண்டு நாள் தூங்கவில்லை.

நூலகத்தம்பி:
வந்துவிட்டது அண்ணா! திருக்குறளுக்கு 11. பழைய சர்வரில் ராத்திரி ஓடும் ஒரு ஈவென்ட்தான் தாமதமான புத்தகங்களைப் பட்டியலிடுகிறது. முதல் டம்ப்பில் அது இல்லவே இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் கவனித்தே இருக்கமாட்டேன். ஆனால் சில நீளமான தலைப்புகளின் கடைசியில் எழுத்து குறைகிறது.

பழையகை:
டேபிளில் தலைப்புக்கான நெடுவரிசை (காலம்) எவ்வளவு நீளம்?

நூலகத்தம்பி:
100.

பழையகை:
லத்தீன்1இல் அது 100 பைட். நீளமான தமிழ்த் தலைப்பைச் சேமித்த அன்றே வெட்டிவிட்டது, சில இடத்தில் எழுத்தின் நடுவிலேயே. உடைந்த பைட்டை இப்போது புது சர்வர் கழித்துவிட்டது. நெடுவரிசையை 255 ஆக்குங்கள். பழைய சர்வரில் நீளம் சரியாக 100 என்று வரும் தலைப்புகளைத் தேடுங்கள், அவைதான் சந்தேகம்.

நூலகத்தம்பி:
தேடினேன், 41 தலைப்புகள். அந்த நூல்களின் அழைப்பு எண்களை (அலமாரியில் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்கள்) எழுதி வைத்துவிட்டேன். நாளை மாலை ஆசிரியர் ஒருவர் வருகிறார். அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து, முகப்பைப் பார்த்து முழுத் தலைப்பையும் அடிக்கப்போகிறோம். அதுவரை பழைய சர்வரை அணைக்கவில்லை.