சிட்னி வழக்குக்கு டர்பனிலிருந்து அஃபிடவிட்: ஆங்கிலத்தைச் சாட்ஜிபிடியில் திருத்தலாமா?

சாட்ஸ்வொர்த் குமரன்
வணக்கம். சிட்னியில் காலமான உறவினரின் சொத்து வழக்கு நியூ சவுத் வேல்ஸ் சுப்ரீம் கோர்ட்டில் நடக்கிறது. என் சித்தி இங்கே டர்பனிலிருந்து சாட்சி. அங்குள்ள வக்கீல் அனுப்பிய அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுதித் தரும் சாட்சியம்) படிவத்தில், இதை எழுத ஜெனரேட்டிவ் ஏஐ (சாட்ஜிபிடி போல எழுத்தைத் தானே உருவாக்கும் கருவி) பயன்படுத்தவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. விஷயம் முழுக்கச் சித்தி சொன்னதுதான். ஆங்கிலத்தை மட்டும் சாட்ஜிபிடியில் சீராக்கலாமா? கையெழுத்தை யார் முன்னால் போடுவது?

தேவகி (பீனிக்ஸ்)
கூடவே கூடாது, தம்பி. அந்தக் கோர்ட்டின் எஸ்.சி. ஜென் 23 என்ற நடைமுறைக் குறிப்பு 2025 பிப்ரவரி 3 முதல் அமலில் இருக்கிறது. சாட்சியின் வாக்கை ஏஐ கொண்டு மாற்றுவது, மெருகேற்றுவது, வலுவாக்குவது, நீர்க்கச் செய்வது, வேறு சொற்களில் எழுதுவது எல்லாமே தடை. நீங்கள் கேட்கிற "சீராக்குவது" இதில் நேராக மாட்டும். அதைச் செய்துவிட்டு அந்த வரியின் கீழ் கையெழுத்திட்டால், சித்தி சத்தியம் செய்து பொய் சொன்னதாகிவிடும்.

எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை மட்டும் திருத்தும் கருவியும், பேச்சை அப்படியே எழுத்தாக்கும் கருவியும் இந்தத் தடைக்குள் வராது. ஆகவே சித்தி பேசுவதைப் பதிவு செய்து, சொன்னபடியே தட்டச்சு செய்து வக்கீலுக்கு அனுப்புங்கள். அவர் போனில் கேள்வி கேட்டு வரைவு எழுதட்டும். வாக்கியம் கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை. சித்தி வாயில் வராத சட்டச் சொல் ஒன்று உள்ளே இருந்தால், எதிர்த்தரப்பு பாரிஸ்டர் குறுக்கு விசாரணையில் முதலில் அதற்குத்தான் அர்த்தம் கேட்பார். அங்கே சாட்சி தடுமாறினால், உண்மையாகச் சொன்ன மற்றதும் சேர்ந்து அடிபடும்.

ராஜன், நோட்டரி அலுவலகம்
கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் வேலைக்கு போலீஸ் ஸ்டேஷனில் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (சத்தியம் வாங்க அதிகாரம் உள்ளவர்) முன் போடுவது போல இதற்குப் போட்டுவிட்டு வராதீர்கள். நோட்டரி பப்ளிக் முன் செய்வதே பாதுகாப்பு. பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

படிவம் 40-இல், அதாவது அந்த அஃபிடவிட் படிவத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் சித்தியும் நோட்டரியும் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பேனாவால் எதையாவது திருத்தினால் அந்த இடத்தில் சுருக்கொப்பம் (இனிஷியல்) வேண்டும். இணைப்பு ஒவ்வொன்றிலும் "இதுதான் இணைப்பு அ" என்பது போன்ற சான்றும் நோட்டரியின் கையெழுத்தும் வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொண்டுபோகக் கூடாது.

சாட்ஸ்வொர்த் குமரன்
நன்றி அக்கா, நன்றி ஐயா. பழைய கடிதங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து தேதிவாரிப் பட்டியல் போட ஏஐ உதவலாமா?

தேவகி (பீனிக்ஸ்)
தேதிவாரிப் பட்டியல், அட்டவணை, ஆவணச் சுருக்கம் இவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை அஃபிடவிட்டோடு இணைக்காதீர்கள். அதற்குக் கோர்ட்டின் அனுமதி தேவைப்படும். சப்பீனா (ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) மூலம் வந்த காகிதங்கள் எதையும் பொது ஏஐ கருவியில் ஏற்றாதீர்கள். எது எப்படி வந்தது என்று முதலில் வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீல் கோர்ட்டுக்குத் தரும் எழுத்து வாதங்களுக்கு ஏஐ பயன்படுத்தலாம். ஆனால் அதில் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பும் உண்மையில் இருக்கிறதா, பொருந்துகிறதா என்று வக்கீல் சரிபார்த்து, அதையும் எழுதித் தர வேண்டும். அந்தச் சரிபார்ப்பை ஏஐ கொண்டு மட்டுமே செய்யக் கூடாது. காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது: 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், வக்கீல் தரப்பு மேற்கோள் காட்டிய 9 தீர்ப்புகளில் 2 மட்டுமே உண்மையில் இருந்ததைக் கண்டு, விஷயத்தை வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்கு அனுப்பியது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு குடிவரவு வழக்கில், இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீலின் விஷயத்தை, வக்கீல்கள் மீதான புகாரைக் கவனிக்கும் நியூ சவுத் வேல்ஸ் சட்டச் சேவை ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

இன்னொன்று: இது குடும்பப் பராமரிப்புக் கோரிக்கை (இறந்தவரின் சொத்திலிருந்து தனக்குப் போதிய பங்கு வேண்டும் என்று குடும்பத்தார் கேட்பது) என்றால், இறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போயிருக்க வேண்டும். போய்விட்டதா என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள்.